தண்ணிக்கு அடியில் ஒரு டீக்கடை

ஏப்ரல் பிறந்தால் போதும், கோவையில் நீச்சல் குளத்து வாசல்களில் 'பத்து நாளில் நீச்சல்' பேனர்கள் தொங்கத் தொடங்கிவிடும். பத்து வயதுப் பையனுக்கு அது ஓரளவு நடக்கலாம். நாலைந்து வயதுப் பொடிசுகளுக்கு நடக்காது. என்னிடம் வருவது பெரும்பாலும் பொடிசுகள்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று நான் அவர்களோடு மக்கில் மொண்டு மொண்டு ஊற்றி விளையாடுவதை, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அப்பாக்கள் பார்ப்பார்கள். "ஏனுங்க மிஸ், எப்பத்தான் நீச்சல் ஆரம்பிப்பீங்க?" ஆரம்பித்தாயிற்று என்றால் நம்பமாட்டார்கள்.

மக்கு விளையாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் குழந்தைதான் என் தலையில் ஊற்ற வேண்டும். நான் கண்ணைத் திறந்தபடி, வழிகிற தண்ணீரைத் துடைக்காமல், "இன்னொண்ணு ஊத்து கண்ணு" என்பேன். அந்தத் துடைக்காமல் இருப்பதுதான் பாடம். முகத்தில் சொட்டு விழுந்ததும் இரண்டு கையாலும் வழித்தெடுக்கிற குழந்தைக்கு, நீந்துவதற்குக் கை மிச்சமிருக்காது. பிறகு அதன் தோளில், பிடரியில், உச்சந்தலையில். முகம் கடைசி. அதையும் குழந்தையே தன் கையால் ஊற்றிக்கொள்ள வேண்டும், நான் ஊற்றமாட்டேன். இதை வீட்டுக் குளியலறையிலேயே செய்யலாம், காசு பணம் வேண்டாம்.

அடுத்தது மூச்சு. "மூக்கால மூச்சு இழுக்காதே" என்று சொன்னால் எந்தக் குழந்தையும் முதலில் இழுத்துத்தான் பார்க்கும். அதனால் நான் அதைச் சொல்வதே இல்லை. பாட்டுக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று வைத்திருக்கிறேன். குழந்தை முகத்தைத் தண்ணீரில் வைத்து, வாயை மூடிக்கொண்டு, 'ம்ம்ம்' என்று ஒரு மெட்டை முனக வேண்டும். நான் காதைத் தண்ணீருக்குள் வைத்து என்ன பாட்டென்று சொல்ல வேண்டும். வாய் மூடியிருக்கையில் முனகினால் காற்று மூக்கு வழியாகத்தான் வெளியேறும். காற்று வெளியே வரும்வரை தண்ணீர் உள்ளே போகாது. சினிமாப் பாட்டு அத்தனையும் இப்படிக் குமிழியாகக் கேட்டாயிற்று. வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால் இன்னும் நீளமாக முனகுவார்கள், அதுவும் நல்லதே.

எனக்குப் பிடித்தது டீக்கடை. குளத்தின் ஆழமில்லாத பக்கம், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆளுக்கொரு டீ குடிக்க வேண்டும். உட்காரவே முடியாது. மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு போன பையன் பிட்டம் தரையைத் தொடுமுன் மேலே வந்துவிடுவான். மறுபடி முயல்வான், மறுபடி வருவான். தண்ணீர் ஆளை உள்ளே இழுக்கும் என்று பாட்டி சொன்னதையே அதுவரை நம்பியிருந்தவன், அது தன்னை வெளியே தள்ளுவதை அங்கேதான் காண்கிறான். அப்புறம் ஒரு கெட்டிக்காரி, காற்றையெல்லாம் ஊதிவிட்டால் கீழே போகலாம் என்று கண்டுபிடித்துவிடுவாள். நெஞ்சில் காற்றிருந்தால் மிதப்போம், விட்டால் இறங்குவோம் என்பதை வாய்ப்பாடாகச் சொல்லி எந்தப் பொடிசுக்குப் புரியவைக்க முடியும்? ஒரு விளையாட்டுக்கு மட்டும் என் குளத்தில் இடமில்லை: யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டி. வேக வேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்கினால், மூச்சுத் திணறுகிற உணர்வு வருமுன்பே நினைவு தப்பிவிடலாம். இதில் பெரியவர்களும் போயிருக்கிறார்கள்.

"எங்களையெல்லாம் கிணத்துல தூக்கிப் போட்டாங்க, தானா வந்துருச்சு" என்று தாத்தாக்கள் சொல்வார்கள். வந்தவர்கள் சொல்கிறார்கள், சரி. வராதவர்கள்? இன்றைக்குப் பேரனைக் கூட்டிவந்து, குளத்தோரத்து ஈரத்தில்கூடக் கால் படாமல் தள்ளி நிற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் அந்தக் கிணற்றடியில் ஒன்றை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிவிடுவார்கள். பிற்பாடு எண்ணெய் கேன் வந்தது. முதுகில் மிதவை இருந்தால் உடம்பு குப்புறப் படுத்த நிலையில் கிடக்கும், கையும் காலும் விடுதலையாக இருக்கும். இப்போது கடையில் விற்கிற காற்றடைத்த ஆர்ம் பேண்டைப் புஜத்தில் மாட்டினால் குழந்தை நட்டுவைத்த மாதிரி செங்குத்தாக நிற்கும். செங்குத்தாக நிற்பது மூழ்குகிறவனின் நிலை, நீந்துகிறவனுடையது அல்ல. அதைப் பழக்கிவிட்டு அனுப்புகிறார்கள், நாங்கள் மறக்கடிக்க வேண்டியிருக்கிறது.

பொடிசுகளுக்குத் தலை கனம். பெரியவர்களின் உயரத்தில் தலை எட்டில் ஒரு பங்கு. ஐந்து வயதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அந்தத் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் கால் கீழே போய்விடும். அதனால்தான் தலையைத் தூக்கி நீந்த விடாமல் முதலில் மல்லாக்கப் போடுகிறேன். பிடரியில் என் உள்ளங்கை, காது தண்ணீருக்குள், வயிற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் வாத்து. வாத்து விழாமல் தூங்க வேண்டும். வயிற்றை மேலே தூக்கினால்தான் வாத்து நிற்கும். இடுப்பு மடங்காமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். உதடு நீலம் பாய்ந்தால் வாத்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். துண்டைப் போர்த்தி வெளியே அனுப்பிவிடுவேன். சின்ன உடம்பு சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். மார்கழிக் காலையில் இந்த ஊர்க் குளத்தில் பொடிசுகளை இறக்குவது வீண் வேலை.

1994-ல் பன்னிரண்டு வயதில் குற்றாலீஸ்வரன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த செய்தியைக் கேட்டு வளர்ந்த பெற்றோர் பலர் வருகிறார்கள். "எத்தனை மீட்டர் போறான்?" என்பதே அவர்கள் கேள்வி. போவது இருக்கட்டும், திரும்பி வருவானா என்பது என் கேள்வி. நீரில் மூழ்கி இறப்போரின் விகிதம் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடையேதான் மிக அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தவறி விழுகிற குழந்தைக்குத் தேவை மறுகரை இல்லை, விழுந்த கரை. ஓடிப்பிடிக்கும் ஆட்டத்தில் தூணைத் தொட்டுவிட்டால் யாரும் பிடிக்க முடியாது இல்லையா, இங்கே சுவர்தான் அந்தத் தூண். நான் முதலை. குழந்தை படியிலிருந்து குதிக்கும், முங்கி எழும், முதலை வருமுன் திரும்பிச் சுவரைப் பிடிக்கும். நூறு தடவை கேட்டாலும் சலிக்காமல் விளையாடுவார்கள். சில நாள் தொப்பி, சட்டையோடும் குதிக்க வைப்பேன். விழுகிறவர்கள் நீச்சல் உடையில் விழுவதில்லை.

இவ்வளவும் தெரிந்த குழந்தையைக்கூடக் கை எட்டும் தூரத்துக்கு அப்பால் விடக்கூடாது. ஆரவாரமில்லாமல் மூழ்கிவிடுவார்கள், பக்கத்தில் போன் பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சத்தம் கேட்காது. என் வகுப்பில் அப்பாவோ அம்மாவோ ஒருவர் தண்ணீருக்குள் இறங்கியே ஆக வேண்டும் என்று விதி வைத்த பிறகு சேர்க்கை கொஞ்சம் குறைந்தது. பரவாயில்லை. முதலை துரத்தித் திரும்பிச் சுவரைப் பிடிக்கிற குழந்தையைப் பக்கத்து லேனில் இருக்கும் மாஸ்டரிடம் அனுப்பிவிடுவேன். ஃப்ரீஸ்டைல், பேக் ஸ்ட்ரோக் எல்லாம் அவர் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்.