பைக்கில் இருந்து விழுந்த காயமா? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்

1/

"பைக்ல இருந்து விழுந்துட்டான்னு எழுதிக்குங்க சார்."
ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்களுக்குப் பழகிய வரி இது.
ஆனால் முன்கையின் வெளிப்பக்கம் வெட்டு இருந்தால், ஓங்கிய அரிவாளைத் தடுக்கக் கையைத் தூக்கியிருக்கிறார் என்றுதான் எங்களுக்குத் தோன்றும்.

2/
ஏன் மறைக்கிறார்கள்? "நாளைக்கும் அதே தெருவுலதான சார் இருக்கணும்."
அந்தப் பயம் நியாயமானது.
ஆனால் விருதுநகர் மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. சில வருடம் கழித்து அங்கே கூண்டில் ஏறி மருத்துவர் சொல்லப்போவது, அன்று இரவு நீங்கள் சொல்லி அவர் எழுதியதைத்தான்.
எத்தனை பேர், என்ன ஆயுதம், எங்கே, எத்தனை மணிக்கு - நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

3/
காயத்தை வைத்து ஆயுதத்தைச் சொல்லலாம். காரணத்தைச் சொல்ல முடியாது.
சாதியைச் சொல்லித் திட்டினார்களா? என்ன வார்த்தை? யார் யார் கேட்டார்கள்? புகாரில் இது அப்படியே வர வேண்டும். இல்லையென்றால் வன்கொடுமை வெறும் "வாய்த்தகராறு" ஆகிவிடும்.

4/
வெட்டுக்கு முன்பே அறிகுறி தெரியும்.
2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு.
அதற்குச் சில நாள் முன்பிருந்தே அவர் பள்ளிக்குப் போகவில்லை.
பிள்ளை திடீரென்று "வயித்துவலி, ஸ்கூல் போகல"ன்னு சொன்னால் மாத்திரையோடு நிறுத்தாதீர்கள். "யாராவது ஏதாவது சொன்னாங்களாப்பா?" என்று கேளுங்கள்.
இதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யச் சொல்லி 2024-இல் அறிக்கை தந்தது.

5/
புகார் கொடுப்பது எப்படி?
✅ சம்பவம் ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில், நீங்கள் ராஜபாளையத்தில் அட்மிட்டா? ராஜபாளையத்திலேயே புகார் தரலாம். "எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது. இதுதான் ஜீரோ எஃப்ஐஆர்.
✅ 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, எஃப்ஐஆர் போட முன்விசாரணை தேவையில்லை (பிரிவு 18ஏ). முன்ஜாமீன் கிடையாது. டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும்.
✅ எஃப்ஐஆர் நகல் இலவசம். கேட்டு வாங்குங்கள்.
✅ கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை (பிரிவு 4).
✅ தேசிய உதவி எண்: 14566. உயிருக்கு ஆபத்து என்றால் 112, 108.

6/
கடைசியாக, பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு.
வீடியோ எடுத்திருந்தால் அழிக்காதீர்கள். வாட்ஸப் குரூப்பில் போட்டு அடுத்த கலவரத்துக்கும் வழி செய்யாதீர்கள். விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். சாட்சிக்கும் பாதுகாப்பு கேட்கும் உரிமை உண்டு (பிரிவு 15ஏ).
வெட்டுப்பட்டவர் பயந்து போய் "விழுந்துட்டேன்" என்கிறார். நீங்களும் "பாக்கல" என்றால், அவருக்காகப் பேச அந்தத் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள்?