மஞ்சள் கண் பக்கம்

சீனப் பெருநாளின் எட்டாம் நாள் நள்ளிரவில், தீ கோங் சாமிக்காக எங்கள் ஊரான ஆயர் ஈத்தாம் பட்டாசு வெடித்துத் தீர்க்கும். மறுநாள் காலை எங்கள் கிளினிக்குக்கு இரண்டு வகைப் பூனைகள் வரும். பயத்தில் கூரை ஏறி விழுந்தவை ஒரு வகை. "அத்தனை வெடிக்கும் அசையல" என்று வீட்டுக்காரர்கள் கவலையோடு கூடையில் தூக்கி வருபவை இன்னொரு வகை.

அப்படித்தான் ஓர் அக்கா வெள்ளைப் பூனையோடு வந்தார். இடக்கண் நீலம், வலக்கண் மஞ்சள். "அடுத்த ரோட்டுல வெடிச்சப்ப எழும்பவே இல்ல தம்பி. ஆனா ரொட்டி பாய் ஹார்ன் அடிச்சா வாசலுக்கு ஓடுது. இது செவிடா, திமிரா?" சொல்லிக்கொண்டே பூனையின் தலைக்கு மேல் கை தட்டினார். அது நிமிர்ந்து பார்த்தது. "பாருங்க, கேக்குது!"

இந்த வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டதே கை தட்டக்கூடாது என்பதுதான். தட்டும் கை காற்றைத் தள்ளும். மீசை அதை வாங்கிக்கொள்ளும். மேசையைத் தட்டினால் அதிர்வு பாதத்தில் ஏறும். முன்னால் நின்றால் நம் நிழலே சொல்லிவிடும். முழுச் செவிட்டுப் பூனைகூட இவற்றை வைத்தே வீட்டில் ஒரு குறையும் தெரியாமல் வளைய வரும். அதனால் சத்தத்தைத் தவிர நம்முடைய எதுவும் பூனையிடம் போய்ச் சேராதபடி மறைய வேண்டும். விசிறியை நிறுத்தினேன். மடித்த துண்டின் மேல் கூடையை வைத்தேன். அது கண்ணயரும்வரை காத்திருந்து, ஏழெட்டு அடி பின்னால் போய் நின்றேன்.

சத்தத்துக்குச் சாவிக்கொத்து போதும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனைக்கு 85,000 வரை எட்டும். கீச்சென்ற மெல்லிய ஒலியே அதற்குப் பெரிய செய்தி. ஆனால் இரண்டு மூன்று முறைக்கு மேல் ஆட்டினால் அலுத்துப்போய்க் கண்டுகொள்ளாது.

பதிலைக் காதுமடலில் தேட வேண்டும். ஜப்பானில் 20 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. வளர்ப்பவரின் குரலை அவை அடையாளம் கண்டுகொண்டன. ஆனால் காதையும் தலையையும் திருப்பியதோடு சரி. கூப்பிட்டு வராததைச் செவிட்டுக் கணக்கில் எழுத முடியாது.

வலப்பக்கம் சாவியை ஆட்டினேன். வலக்காது சட்டென்று திரும்பியது. சற்றுப் பொறுத்து, இடப்பக்கம் போய் ஆட்டினேன். மறுபடியும் வலக்காதுதான் திரும்பியது. கூடவே தலையும் வலப்பக்கமே போய், ஆளில்லாத சுவரைப் பார்த்தது.

அழுக்கும் உண்ணியும் அடைத்திருந்தாலும் காது மந்தமாகும். டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார், இரண்டும் சுத்தம். பிறகு கண்களைக் காட்டினார். மயிரை வெள்ளையாக்கும் மரபணு, உட்காதுக்கு வேண்டிய நிறமி அணுக்களையும் இல்லாமல் செய்துவிடலாம்; பிறந்த சில வாரங்களிலேயே அந்தக் காது பட்டுப்போகும். நீலக்கண் பூனைகளின் செவிட்டுத்தன்மையை டார்வினே 1859இல் எழுதியிருக்கிறார். இரு கண்ணும் நீலமென்றால் செவிடாகும் வாய்ப்பு அதிகம். ஒரு கண் மட்டுமென்றால், காது போனால் பெரும்பாலும் அந்தப் பக்கக் காதுதான் போகும். உறுதியாகச் சொல்ல, ஒவ்வொரு காதிலும் தனித்தனியே ஒலி கொடுத்து மூளைத்தண்டின் மின்னலைகளைப் பதிய வேண்டும். அந்தக் கருவி எங்களிடம் இல்லை.

"படுக்கும்போது எந்தக் காது கீழே இருக்கும் அக்கா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அன்னைக்கு ராத்திரி தலகாணில மஞ்சக் கண்ணு பக்கம் சாஞ்சு கெடந்துச்சு."

வெடிக்கு எழாததும் ஹார்னுக்கு ஓடியதும் அப்போதுதான் ஒரே கதையாயின. கேட்கும் ஒற்றைக் காது அன்றிரவு தலையணைக்குள் புதைந்திருக்க வேண்டும்.

"நான் அடுப்படியிலேருந்து கூப்பிட்டா சன்னலப் பாக்கும். திமிருன்னு எத்தன நாள் திட்டியிருக்கேன்!" என்றார். ரோட்டுக்கு விட வேண்டாம், எந்தப் பக்கமிருந்து வண்டி வருகிறதென்று அதற்குத் தெரியாது என்றேன். தலையாட்டினார். கூடையைத் தூக்கியவர் வாசலில் நின்று, மஞ்சள் கண் தன் பக்கம் வரும்படி அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே படியிறங்கினார்.