37 முறை முட்டிய இரவு

தோனி ரன் அவுட்டான அந்த மாலை நினைவிருக்கிறதா? 2019 உலகக்கோப்பை அரையிறுதி, எதிரில் நியூசிலாந்து. டிவியை அணைக்க மனசு வராமல், பார்க்கவும் முடியாமல் உறைந்துபோன வீடுகள் எத்தனை!

அப்படியோர் இரவு அயர்லாந்துக்காரர்களுக்கும் உண்டு. 2023 அக்டோபர் 14, பாரிஸ். ஆட்டம்தான் வேறு, ரக்பி. எதிரில் அதே நியூசிலாந்து.

ரக்பி உலகக்கோப்பையில் லீக் சுற்றில் ஒரு ஆட்டம் தோற்றாலும் பிழைத்துக்கொள்ளலாம். காலிறுதியில் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தொடர்ந்து 17 ஆட்டங்களில் ஜெயித்து, உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது அயர்லாந்து. ஆனாலும் ரசிகர்களின் அடிவயிற்றில் ஒரு பயம். அதற்கு முன் ஏழு முறை காலிறுதிக்கு வந்து, ஏழு முறையும் அதைத் தாண்டாத அணி அது.

பயத்தை மறைக்கப் பாட்டு இருந்தது. லீக் சுற்றில் தென்னாப்பிரிக்காவை 13-8 என ஜெயித்த இரவில், ஸ்டேட் டி பிரான்ஸ் மைதானமே ‘ஸோம்பி’ பாடலில் அதிர்ந்தது. லிமெரிக் நகரத்து கிரான்பெரீஸ் இசைக்குழுவின் பாடல் அது. 1993-ல் இங்கிலாந்தின் வாரிங்டனில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டுக்கு இரண்டு சிறுவர்கள் பலியானதை நினைத்து, டோலரஸ் ஓ'ரியார்டன் எழுதியது. துக்கத்தில் பிறந்த பாட்டை வெற்றிக் கொண்டாட்டத்தில் பாடலாமா என்று அயர்லாந்திலேயே வாக்குவாதம் நடந்தது. ஆனால் ரக்பியில் வட அயர்லாந்தும் அயர்லாந்துக் குடியரசும் ஒரே அணி, ஒரே பச்சைச் சட்டை. அவர்கள் சேர்ந்து நின்று அதைப் பாடுவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

காலிறுதியின் கடைசி நிமிடங்கள். நியூசிலாந்து 28, அயர்லாந்து 24. ஒரு ‘ட்ரை’ போட்டால் 5 புள்ளி, அரையிறுதி கையில். பந்தோடு ஓடுவது, மோதி விழுவது, பந்தைக் காப்பாற்றி அடுத்தவர் கையில் கொடுப்பது, மறுபடி மோதுவது... இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல, 37 முறை! 80 நிமிடம் முடிந்த பிறகும் பந்தை விடவில்லை. விட்டால் ஆட்டம் முடிந்துவிடும். 37-வது முறை நியூசிலாந்தின் சாம் ஒயிட்லாக் குனிந்து பந்தைப் பிடித்தார். விசில். அவ்வளவுதான்.

38 வயது கேப்டன் ஜானி செக்ஸ்டனுக்கு அதுவே கடைசி ஆட்டம். கலங்கி நின்ற அப்பாவை அவருடைய சின்ன மகன் தேற்றியதை டிவி காட்டியது. அதுவரை அடக்கிவைத்திருந்தவர்களும் அப்போது உடைந்துபோயிருப்பார்கள்.

மறுநாள் அதே மைதானத்தில் பிரான்ஸின் முறை. தென்னாப்பிரிக்கா 29, பிரான்ஸ் 28. ஒரே ஒரு புள்ளி! தாமா ராமோஸ் 2 புள்ளிக்காக உதைத்த பந்தைப் பாய்ந்து வந்து தடுத்தவர் செஸ்லின் கோல்பே. அதே கோல்பே சில வருடங்கள் துலூஸ் கிளப்பில் ராமோஸோடு ஒன்றாக ஆடியவர், அந்த ஊரின் செல்லப்பிள்ளை. அவரைத் திட்ட பிரெஞ்சு ரசிகர்களுக்கு மனசு வருமா? கோபம் நடுவர் பென் ஓ'கீஃப் மேல் திரும்பியது. அடுத்த வாரம் இங்கிலாந்து-தென்னாப்பிரிக்கா அரையிறுதிக்கு அவர் வந்தபோது, மைதானத்தில் ‘பூ’ என்று கூச்சல். இணையத்தில் வசவு வேறு. தோல்வியை யார் தலையிலாவது இறக்கிவைத்தால் பாரம் குறையும்போல. ஆனால் அந்தத் தலைக்கும் ஒரு வீடு, குடும்பம் உண்டே!

அயர்லாந்துக்காரர்களுக்கு அப்படிக் கைகாட்ட ஆள் கிடைக்கவில்லை. போட்டிக்கு மூன்று வருடம் முன்பே குலுக்கல் நடத்தி, பலமான நாலு அணிகளையும் ஒரே பக்கம் தள்ளிவிட்டார்களே என்று புலம்பினார்கள். நியாயமான புலம்பல்தான். ஆனால் அந்த 37 முறையில் ஒருமுறைகூட எல்லைக்கோட்டைத் தொட முடியாததற்கு, குலுக்கலை எப்படித் திட்டுவது?

2024 பிப்ரவரி 2, மார்சேய். ஆறு நாடுகள் போட்டியின் முதல் ஆட்டம். காயம் ஆறாத இரண்டு கூட்டமும் ஒரே மைதானத்தில். பச்சைச் சட்டைகள் மறுபடியும் பிரான்ஸுக்குக் கிளம்பி வந்திருந்தன. அன்றைக்கு அயர்லாந்து 38, பிரான்ஸ் 17.