பூச்சிய வழு

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். கல்லூரிக் காலக் குறும்புகளை எழுதுவோர் பலர் உளராதலின், யாம் எமது தொழிலைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அதிற் கல்லூரி அன்னைக்கும் பங்குண்டு.

உருகிய பல்பகுதியங்களின் பாய்ச்சலை ஒளியால் அளப்பதே எமது தொழில். பல்பகுதியமாவது பொலித்தீன் போன்ற, நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள். ஆய்வுகூடத்தில் ஆமணக்கெண்ணெயினுள் உருக்குக் குண்டை விழவிட்டுப் பாகுமை கண்டோமல்லவா? உருகிய பொலித்தீனுக்கு அம்முறை போதாது. விரைந்து தள்ளுந்தோறும் அது இளகும். ஓரெண் கூறி அமைதல் இயலாது. உள்ளே எவ்விடத்தில் எவ்வளவு தகைப்பென்று அறியக் கருவியொன்றை நீட்டினாலோ பாய்ச்சலே குலைந்துவிடும். ஒளி எதனையும் குலையாது கடந்து செல்வது.

ஓய்ந்த உருகலிற் சங்கிலிகள் திசையின்றிச் சுருண்டு கிடக்கும். பாயும்போது அவை நீண்டு ஒருபுறஞ் சாய, ஒளி இருவேறு கதியிற் செல்லும். இதுவே இரட்டை முறிவு. பாயும் கனடாப் பிசினில் இதனை மக்சுவெல் 1873 இல் எடுத்துரைத்தார். குறுக்காக வைத்த இரு முனைவாக்கிகளுக்கிடையே நோக்கின் இருளும் ஒளியுமாய்ப் பட்டிகள் தோன்றும். அவற்றை எண்ணித் தகைப்பைக் கணிக்கலாம். சதுர மீற்றருக்கு இலட்சம் நியூற்றன் தகைப்பில், 10 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள உருகிய பொலித்தீன் சிவப்பு லேசர் ஒளியில் ஏறத்தாழ மூன்று பட்டிகளைக் காட்டும்.

1980களில் இங்கிலாந்தின் வடபாகத்து ஆய்வுகூடமொன்றில், இருபுறமுங் கண்ணாடிச் சாளரம் பதித்த உருக்குப் பிளவினூடே 190 பாகை வெப்பநிலையிற் பொலித்தீனைச் செலுத்தி, மாதக் கணக்கிற் பட்டி எண்ணினோம். தகைப்புற்ற கண்ணாடியும் இரட்டை முறிவு காட்டும். ஆயின் ஒரே தகைப்பில் அது உருகலினதில் ஏறத்தாழ ஆயிரத்திலொரு பங்கே என்று ஒதுக்கிவிட்டோம். அறிக்கை போயிற்று. அதை நம்பிப் புதிய இயந்திர வாய் ஒன்றும் கடையப்படலாயிற்று.

ஒருநாள் மாலை எமக்குத் துணைநின்ற இளைஞர், பாய்ச்சல் நின்று அரைமணியான பின்னும் மூலையில் ஏன் வெளிச்சம் என்று வினவினார்.

எமக்கு வியர்த்தது. இறுக்கிய சட்டமும் சீரற்ற சூடும் கண்ணாடியை நெரித்து, அதன் தகைப்பை உருகலினதிலும் நூறு மடங்காக்கியிருந்தன. மூன்று பட்டிகளில் ஒன்றுவரை கண்ணாடியினதே.

கல்லூரியில், நுண்மானித் திருகுக்கணிச்சியின் பூச்சிய வழுவைக் குறியாமைக்காக ஆசிரியர் எமது செய்முறைக் கொப்பியின் பக்கம் முழுவதையுஞ் செம்மையாற் கோடிட்டதுண்டு. அன்று அவரை உள்ளூர வைதோம்.

மறைக்கவும் வழியிருந்தது என்பதை ஒளியாது சொல்லவேண்டும். மீண்டும் அளந்து பார்ப்பார் ஒருவருமிலர். எமது பதவியும் நிரந்தரமாகவில்லை. இரண்டு இரவு உறக்கமின்றிக் கழித்து, மூன்றாம் நாள் அறிக்கையை மீட்டுக்கொள்வதாகக் கடிதம் எழுதினோம். கடைதல் நின்றது. தலைவர் ஒரு கிழமை எம்முடன் பேசவில்லை. சட்டத்தைத் தளர்த்தி, கண்ணாடியைச் சமமாகச் சூடாக்கி, பாய்ச்சலின்றி முதல் வாசிப்பெடுத்து, யாவற்றையும் மீள அளக்க நான்கு மாதஞ் சென்றது. இரண்டாம் அறிக்கையில் அவ்விளைஞரின் பெயரை எமது பெயருக்கு முன் இட்டோம்.

கொப்பியின் அப்பக்கம் இன்னும் எம்மிடமுண்டு. செம்மை சற்று மங்கிவிட்டது.