கையொப்பமிட்ட பொய்

வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூருக்குச் செல்லும் போதெல்லாம், வழிநெடுகப் பேசிக்கொண்டே வருவாள் என் மகள். அன்று பல் மருத்துவரைக் கண்டு திரும்புகையில் அவள் வாய் திறக்கவேயில்லை.

முன்பற்கள் சற்றுத் தூக்கியிருந்தமையால், கழற்றி மாட்டும் கிளிப் ஒன்றை மருத்துவர் அவளுக்குச் செய்து கொடுத்திருந்தார். உண்ணும் நேரமும் பல் துலக்கும் நேரமும் தவிர, இரவு பகலாக அது வாயில் இருக்க வேண்டும்; அணிந்த நேரத்தை அன்றாடம் ஓர் அட்டையில் குறிக்க வேண்டும்; பெற்றோர் கையொப்பமிட வேண்டும். அட்டையில் நாள்தோறும் 20 மணி நேரம் என்றிருந்தது. நான்கு மாதங்களாகியும் பற்கள் அசையவில்லை.

மருத்துவர் அட்டையைப் பார்க்கவில்லை. கண்ணாடியில்லாமல் கிளிப்பை மாட்டச் சொன்னார், மகள் தடுமாறினாள். பேசச் சொன்னார், நாக் குழறியது. ஒழுங்காக அணிபவர்களுக்குப் பேச்சு விரைவில் தெளிந்துவிடும், மேலண்ணத்தில் தகட்டின் தடம் தெரியும் என்றார். மெல்லிய அழுத்தம் நெடுநேரம் நீடித்தால்தான் பல் நகரும் பக்கத்து எலும்பு கரைந்து, மறுபக்கம் புதிய எலும்பு வளருமாம். விட்டுவிட்டு அணிந்தால் பயனில்லை.

இதைக் கண்காணிக்கவே ஆஸ்திரியாவில் 'தெராமான்' என்னும் சிறு சில்லை உருவாக்கியிருக்கிறார்கள். கிளிப்பின் தகட்டுக்குள் பதிக்கப்படும் அது, 15 நிமிடத்திற்கொரு முறை வெப்பநிலையைப் பதிவு செய்யும். வாயின் சூடு காட்டினால் அணிந்த நேரம். குறைந்தால் பெட்டியில் கிடந்த நேரம். இத்தகைய கருவிகளைக் கொண்டு நடந்த ஆய்வுகளில், நோயாளிகள் சொன்ன நேரத்தைவிட அணிந்த நேரம் குறைவென்றே பெரும்பாலும் தெரியவந்தது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பெட்டிக்குள்ளும் வாயின் சூடு இருக்குமே என்று எண்ணிக்கொண்டேன்!

வீட்டிற்கு வந்ததும் மகளைக் கடிந்துகொள்ள எண்ணி அட்டையைப் புரட்டினேன். ஒரு வாரக் கணக்கு முழுவதும் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றின் அருகிலும் என் கையொப்பம்! ஒரு நாளேனும், "மாட்டியிருக்கிறாயா?" என்று கேளாமல் இட்ட கையொப்பம். அவள் சொன்ன பொய்க்கு நானல்லவா சாட்சி?

"ஏனம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"வகுப்பில் வாசிக்கும்போது எழுத்தெல்லாம் குழறுகிறது அத்தா. எல்லாரும் சிரிக்கிறார்கள். பேருந்து ஏறும் முன்பே கழற்றிவிடுவேன்" என்று விம்மினாள்.

அன்று முதல் இஷா தொழுகைக்குப் பின், கிளிப்பை அணிந்தவாறே நாளிதழை எனக்கு வாசித்துக் காட்டினாள். அட்டையில் உண்மையை மட்டும் எழுதுவதென்று இருவரும் பேசிக்கொண்டோம். முதல் வாரம் 13 மணி நேரம்தான். குறைவுதான்; ஆயினும் மனநிறைவோடு கையொப்பமிட்டேன். நா பழகப் பழக நேரமும் கூடியது. இப்போது பற்கள் மெல்ல நகர்கின்றன, அல்ஹம்துலில்லாஹ்.

எத்தனை மணி நேரம் என்பதைச் சில்லு சொல்லிவிடும். பிள்ளை ஏன் கழற்றினாள் என்பதைப் பெற்றோராகிய நாம்தான் அருகமர்ந்து கேட்டறிய வேண்டும்.