பலா நட முடியாத மலை

வெளியுலகத் தொடர்பு அறுந்துபோகுமாயின் ஓர் ஊர் எத்தனை நாள் தன் மக்களைத் தானே காக்க வல்லது? ஹேவாஹெட்டவை முன்னிறுத்தி இவ்வினாவை எழுப்புமிடத்து ஒரு விடையன்று, இரு விடைகள் கிடைக்கின்றன.

கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக ஏறும் பாதையில் முதலில் எதிர்ப்படுவன கிராமங்கள். அடுக்கு வயல்கள், வீட்டைச் சூழ்ந்து பலா, ஈரப்பலா, கித்துள், மரமேறிய மிளகுக்கொடி, நிழலில் கிழங்குகள். பலாவைச் 'சோற்று மரம்' என்றே சிங்கள மக்கள் அழைப்பர். பஞ்சத்தை அறிந்தவர் இட்ட பெயர் அது.

அதற்கு மேலே தேயிலை. லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டார். அவ்வழியே விரிந்த தோட்டங்களில், உழைப்பவர் உண்ணத்தக்கது எதுவும் விளையவில்லை. அரிசி கடல்கடந்து வந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டபோது கிராமத்தவர் பலாவிலும் மரவள்ளியிலும் ஓரளவு தாக்குப்பிடித்தனர். லயத்தவருக்குக் கூப்பனைத் தவிர வேறு கதி இருக்கவில்லை. தோட்டப்புற இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட வெகுவாக உயர்ந்தது.

பயிரிடும் திறன் இல்லாமையே இதற்குக் காரணம் என்பார் லயங்களின் பின்புறத்தைக் கண்டிராதவரே. மாட்டெருவிட்ட பாத்திகளில் போஞ்சியும் லீக்ஸும் அங்கே செழித்து நிற்கின்றன. ஆனால் பாத்தி நிற்கும் நிலம் அவர்களுடையதன்று. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் நிருவாகம் கம்பனிகளுக்குச் சென்றது. உறுதி மட்டும் தொழிலாளியின் கைக்கு வரவில்லை. போஞ்சி மூன்று மாதத்தில் பலன் தரும். பலாவுக்கோ ஆண்டுகள் வேண்டும். நாளை விட்டு விலகு எனச் சொல்லப்படக்கூடிய மண்ணில் பலாக்கன்றை நடுபவர் யார்? (மிக உயர்ந்த சரிவுகளில் பலா செழிக்காது என்பது உண்மையே, தாழ்ந்த தோட்டங்களுக்கு அச்சாட்டு இல்லை.) 2022 நெருக்கடியில் மாவும் அரிசியும் எட்டாவிலைக்குப் போனபோது, அரை நூற்றாண்டுக்கு முந்திய அதே வெறுமையே லயத்துக் குசினிகளில் மீண்டது.

அனர்த்த ஆயத்தத்திலும் நிலைமை இதுவே. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்துச் சரிவுகளைப் பெயர்த்துப் பாதைகளை அறுத்தது. மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்கூட்டியே அறிவிக்கிறது; 'வெளியேறுக' என்கிறது. எங்கே? சொந்தக் காணியுள்ளவன் வீட்டைத் தள்ளிக் கட்டலாம். லயம் நிற்குமிடத்தை என்றோ ஒரு துரை தீர்மானித்துவிட்டான். 2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் புதையுண்ட லயங்களும் முன்னரே எச்சரிக்கப்பட்டவைதாம்.

அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களில் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் காணி என்பது அளவாயிற்று. வீடும் கழிப்பறையும் படிக்கட்டும் போக எஞ்சும் துண்டில் ஒரு பலா வளர்ந்து நிழல் பரப்பினால், போஞ்சிப் பாத்திக்கு வெயில் விழாது.