வாய்மூடியிருந்ததன் விலை

செய்தவற்றுக்கு ஆன செலவைக் குறித்துவைக்க எல்லோரிடமும் கணக்கேடு உண்டு. செய்யத் தவறியவற்றுக்கு ஆன செலவைக் குறிக்கவோ ஏடு இல்லை. பிரான்ஸ் நாட்டுக் கரையை அடுத்துள்ள ஜேர்சி என்னுஞ் சிறு தீவு, அத்தகைய கணக்கொன்றைக் காலந்தாழ்த்தி எழுத நேர்ந்தது. பெற்றோரும் மாணவரும் அதனை அறிதல் நன்றென எண்ணுகின்றோம்.

பிரித்தானிய முடியின் கீழ்த் தன்னாட்சி நடத்தும் அத்தீவின் சனத்தொகை ஏறத்தாழ 1 இலட்சம். அங்கே ஓ டி லா கரேன் என்றோர் இல்லம் இருந்தது. 1867இல் தொழிற்பள்ளியாகத் தொடங்கிப் பின்னர்ச் சிறுவர் இல்லமாக விளங்கிய அது, 1986இல் மூடப்பட்டது. அங்கு வளர்ந்தோர் பலர், சிறுபராயத்தில் தாம் பட்ட அடியையும் பாலியற் கொடுமையையும் முதிர்ந்த பின்னரே வெளியிட்டனர். 2008இல் பொலிசார் அவ்விடத்தைத் தோண்டி ஆராய்ந்தபோது உலகத்தின் கண் அத்தீவின்மேல் விழுந்தது. ஈற்றில், பிரான்சிஸ் ஓல்ட்ஹாம் அம்மையார் தலைமையில் அமைந்த சுதந்திர விசாரணைக்குழு 2014இல் சாட்சியங் கேட்கத் தொடங்கியது. 1945 முதல் தீவின் பராமரிப்பில் இருந்த பிள்ளைகளுக்கு நேர்ந்தது யாதென ஆராய்தலே அதன் பணி.

முதலில் மதிப்பிட்ட செலவு 60 இலட்சம் பவுண். 2017 ஜூலையில் அறிக்கை வெளிவந்தபோது அது 2 கோடி 30 இலட்சம் பவுணாக ஏறியிருந்தது. தலைக்கு ஏறத்தாழ 230 பவுண்! இடைநடுவே மேலும் பணம் கோரப்பட்டபோது, இவ்வளவும் தகுமோ என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. பொதுப்பணம் பொதுமக்களின் வியர்வை. சட்டத்தரணிகளின் கட்டணச் சீட்டுக்களைத் துருவி ஆராய்தல் வேண்டுமென்பதை நாமும் மறுக்கவில்லை.

ஆயினும் செலவு ஏறியது ஏன் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுபது ஆண்டுப் பழைய கோவைகளைத் தேடியெடுத்து வாசித்தல் எளிதன்று. பொறுப்பிலிருந்தோர் சிலர் மாண்டுபோயினர்; சாட்சிகள் பலர் முதுமை எய்தினர். ஒருவர் துணிந்து பேச, அவரைக் கண்டு இன்னொருவர் வாய்திறப்பார். குற்றஞ் சாட்டப்பட்டோர்க்கும் மறுமொழி கூற இடமளித்தல் நீதி. இவையெல்லாம் காலத்தையும் பணத்தையும் விழுங்குவன.

அந்தப் பிள்ளைகளுள் ஒருவனுடைய சொல்லையேனும் அன்றைக்கே ஒருவர் செவிமடுத்து விசாரித்திருந்தால் என்ன செலவாகியிருக்கும்? ஒரு பிற்பகல் நேரமும் சிறிது துணிவுமே. பிழைகளை வெளியிடாது மூடிமறைக்கும் போக்கினை "ஜேர்சி வழி" என்று தீவார் தாமே குறிப்பிட்டனர் என அறிக்கை எடுத்துரைத்தது. அன்றுங்கூடப் பிள்ளைகள் ஆபத்தினின்று முற்றாக நீங்கவில்லை எனவும் அது எச்சரித்தது. தீவின் முதலமைச்சர் மன்னிப்புக் கோரினார். குழு விதந்துரைத்தவாறே சிறுவர் ஆணையாளர் பதவியும் உருவாயிற்று.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வழக்கம் ஒரு தீவுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளோடு பழகுந் தொழிலில் நாம் கண்டது ஒன்றுண்டு. துன்புற்ற பிள்ளை முறைப்பாடு எழுதிக் கொண்டுவருவதில்லை. "அந்த வீட்டுக்கு நான் போகமாட்டேன்" என்று ஒருமுறை முனகும். அல்லது கலகலப்பாயிருந்த பிள்ளை திடீரென ஊமையாகும். "பெரியவர்களைப் பற்றி அப்படிப் பேசாதே" என நாம் அதட்டினால், அந்தப் பேச்சு அன்றோடு அடங்கிவிடும். குடும்பமானம் காக்கப்பட்டதென நாம் மகிழ்ந்திருப்போம். பிள்ளையோ அதனை நாற்பது ஆண்டு தன் நெஞ்சில் சுமக்கும்.

ஆகவே, பெற்றோரே, பிள்ளை தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல முற்படும்போது கைவேலையைச் சற்று நிறுத்துங்கள். அருகில் இருத்தி, இறுதிவரை குறுக்கிடாது கேளுங்கள். அதற்கு ஒரு சதமேனும் செலவில்லை.